டெர்மினலில் மெயில்: மட் பயன்படுத்திய அனுபவமும் வழியில் வந்த சிக்கல்களும்

பல வருடங்களாக என் மெயில் எல்லாம், டெர்மினல் எனும் எழுத்துத் திரையில் ஓடும் மெயில் நிரலான மட் (Mutt) வழியாகத்தான். மைக்கேல் எல்கின்ஸ் 1995இல் எழுதிய மென்பொருள், இன்னும் உயிரோடு இருக்கிறது. 2020 நவம்பரில் 2.0 வந்தது, அதிலிருந்து கிளைத்த நியோமட்டும் தனியாக நன்றாகவே ஓடுகிறது. இரண்டுக்கும் கான்ஃபிக் பெரும்பாலும் ஒன்றுதான், அதனால் கீழே சொல்வது எதற்கும் பொருந்தும். மட்டின் வசதிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அது மக்கர் செய்யும்போது எங்கே பார்ப்பது என்றுதான் நான் எழுத நினைக்கிறேன், ஏனென்றால் ஆசையாக ஆரம்பிக்கிறவர்கள் விட்டுவிட்டுப் போவது அந்த இடத்தில்தான்.

மட் நேரடியாகவே ஐமேப் (சர்வரிலிருந்து மெயிலை எடுக்கும் முறை) பேசும், எஸ்எம்டிபியும் (மெயிலை அனுப்பும் முறை) பேசும். ஆனாலும் நான் வேலையை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன்: மெயிலை இறக்க எம்பிசிங்க், படிக்க மட், அனுப்ப எம்எஸ்எம்டிபி. செட்டப் செய்ய ஒரு மாலை அதிகம் ஆகும். ஆனால் பழுது வந்தால் எந்தப் பக்கம் என்று உடனே தெரிந்துவிடும். எம்பிசிங்க்கைத் தனியாக ஓட்டிப் பாருங்கள், மெயில் இறங்கினால் அந்தப் பக்கம் சரி. இறங்கிய ஒவ்வொரு மெயிலும் மெயில்டிர் ஃபோல்டரில் ஒரு தனிக் கோப்பு, மட் ஏதாவது தாறுமாறாகக் காட்டினால் அந்தக் கோப்பையே எடிட்டரில் திறந்து உள்ளே என்ன வந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். பிரவுசரில் மெயில் படிக்கும்போது இது நடக்காது, "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்று ஒரு பெட்டி வரும், அவ்வளவுதான்.

இறக்கும் பக்கத்தில் நடக்கும் தகராறில் பாதி பாஸ்வேர்டு சம்பந்தப்பட்டது. ஜிமெயில் தனிநபர் கணக்குகளில் சாதாரணப் பாஸ்வேர்டைக் கொடுத்து ஐமேப்பில் நுழைவது 2022 மே 30க்குப் பிறகு முடியாது. இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்று வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் பிரச்சினை இல்லை, ஆனால் கூகுள் கணக்கின் முதன்மைப் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் ரத்தாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். நேற்று வரை ஓடியது இன்று நுழைய மறுத்தால் கான்ஃபிக்கைக் குடைய வேண்டாம், முதலில் இதைப் பாருங்கள். அலுவலகக் கணக்கு மைக்ரோசாஃப்ட் பக்கம் இருந்தால் ஓஆத் 2.0 (பாஸ்வேர்டுக்குப் பதில் டோக்கன் எனும் அனுமதிச் சீட்டைக் காட்டும் முறை) இல்லாமல் ஐமேப்பில் நுழைய முடியாது. டோக்கன் வாங்கித் தரும் பைத்தான் ஸ்கிரிப்ட் மட்டோடு கூடவே வருகிறது. எம்பிசிங்க் அந்த டோக்கனைக் கொடுக்க, அது நுழைவுக்குப் பயன்படுத்தும் சைரஸ் சாஸ்ல் நூலகத்துக்கு எக்ஸ்ஓஆத்2 பிளகின் தனியாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் "மெக்கானிசம் இல்லை" என்ற பிழை வரும்.

அடுத்தது எல்லோரும் மாட்டும் இடம். பாஸ்வேர்டை ஜிபிஜி என்ற குறியாக்க மென்பொருளில் பூட்டி, மெயில் இறக்குவதைப் பின்னணியில் டைமரில் விட்டிருப்பீர்கள். காலையில் நன்றாக ஓடும், சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் புது மெயிலே வந்திருக்காது. ஜிபிஜியின் துணை நிரலான ஏஜென்ட், சாவியைத் திறக்கும் பாஸ்ஃபிரேஸை இயல்பாக 600 நொடிதான் நினைவில் வைத்திருக்கும், நடுவில் தொட்டுக்கொண்டே இருந்தாலும் 7200 நொடிக்கு மேல் தாங்காது. அதன் பிறகு கேட்கும் பாஸ்ஃபிரேஸைப் பின்னணியில் ஓடும் டைமரால் திரையில் காட்ட முடியாமல் போகலாம், அப்போது சத்தமில்லாமல் தோற்றுப்போகும். ஏஜென்ட்டின் கான்ஃபிக்கில் இந்த இரண்டு எண்களையும் உங்கள் வேலை நேரத்துக்குத் தகுந்தபடி கூட்டிவிட்டால் தீர்ந்தது.

ஜிமெயிலின் லேபிள்கள் ஐமேப்பில் ஃபோல்டர்களாக வரும், அதனால் இன்பாக்ஸில் உள்ள மெயில் "எல்லா மெயில்" ஃபோல்டரிலும் இன்னொரு தடவை இறங்கி டிஸ்க்கை நிரப்பும். அந்த ஃபோல்டரை எம்பிசிங்க் கான்ஃபிக்கின் பேட்டர்ன் வரியில் விலக்கிவிடுங்கள். இன்னொன்று, "டூப்ளிகேட் யூஐடி" என்று எம்பிசிங்க் திடீரென்று நின்றுவிடும். அது ஒவ்வொரு மெயிலின் எண்ணையும் (அதுதான் யூஐடி) கோப்புப் பெயரிலேயே, கமா போட்டு யூ சமம் (,U=) என்று எழுதி வைக்கிறது. மெயிலை மட் நகர்த்தினால் புதுப்பெயர் கொடுத்துவிடும், சிக்கல் இல்லை. நாட்மச் (மெயில்களைத் தேடவும் குறியிடவும் உதவும் நிரல்) குறிகளைப் பார்த்துக் கோப்புகளை நகர்த்தும் ஸ்கிரிப்ட் வெறுமனே இடம் மாற்றினால் பழைய எண்ணும் கூடவே போய், அங்கே ஏற்கெனவே உள்ள எண்ணோடு மோதும். நகர்த்தும்போது பெயரில் அந்தத் துண்டை மட்டும் வெட்டிவிட்டால் போதும்.

சரி, படிக்கும் பக்கம். எச்டிஎம்எல் மெயிலுக்கு, எதை எந்த நிரலில் காட்டுவது என்று சொல்லும் மெயில்கேப் கோப்பில் டபிள்யூ3எம் (டெர்மினல் பிரவுசர்) வரியை எல்லோரும் எங்கிருந்தோ காப்பி அடிக்கிறார்கள், ஆனால் மெயிலின் சார்செட்டை (எழுத்துக் குறியீட்டு முறை) டபிள்யூ3எம்முக்குச் சொல்லும் பகுதி பல இடங்களில் விடுபட்டிருக்கும். மட் எச்டிஎம்எல் பகுதியை மாற்றாமல் அப்படியே தள்ளிவிடும் என்பதால், அது இல்லாமல் தமிழ் மெயில் குப்பையாகத் தெரிய வாய்ப்பு உண்டு. தமிழுக்குப் பதில் பின்சாய்கோடு போட்டு 340, 256, 244 என்று எண்களாகக் கொட்டினால் காரணம் வேறு: லொகேல் (கணினியின் மொழி அமைப்பு) யூனிகோடின் யூடிஎஃப்-8 இல்லை. (அந்த மூன்று எண்கள் 'த' எழுத்தின் மூன்று பைட்கள்.) இதற்கு மட் கான்ஃபிக்கில் சார்செட்டைத் திணிக்கச் சொல்பவர்கள் உண்டு, அது தப்பு வைத்தியம், லொகேலைச் சரிசெய்தால் மட் தானே புரிந்துகொள்ளும்.

எழுத்து வடிவம்தான் நிஜமான குறை. டெர்மினல் என்பது கட்டம் கட்டமான திரை. தமிழ் உயிர்மெய் எழுத்து எத்தனை கட்டம் எடுக்கும் என்பதில் மட் ஒரு கணக்கு போடுகிறது, டெர்மினல் இன்னொரு கணக்கு போடுகிறது, அதனால் இன்டெக்ஸில் (மெயில் பட்டியல்) தலைப்புக்குப் பின்னால் வரும் பத்திகள் கோணிக்கொள்ளும், பல டெர்மினல்களில் 'கொ' எழுத்தின் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் நிற்கும். முழுத் தீர்வு எனக்குக் கிடைக்கவில்லை. இன்டெக்ஸ் வரியில் தலைப்பைக் கடைசியில் வைத்திருக்கிறேன், அப்போது கோணினாலும் மற்றவற்றைத் தள்ளாது. கொன்சோல் என்ற டெர்மினலில் படிக்கும்படி இருக்கிறது. நீளமான தமிழ்க் கடிதம் வந்தால் ஒரு விசையில் அதை ஜிஎடிட் எடிட்டருக்கு அனுப்பிப் படிக்கிறேன். நம் மொழியில் நிம்மதியாக மெயில் படிக்க இவ்வளவு சுற்ற வேண்டியிருப்பது எனக்கு வருத்தம்தான்.

ஆனால் வேறு எங்கும் எனக்குக் கிடைக்காத ஒன்றும் இதே இடத்தில்தான் கிடைத்தது. 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழில் வந்த மெயில்கள் நிறைய திஸ்கி (TSCII) என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் இருந்தன, சார்செட் என்று எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட் என்றோ ஐஎஸ்ஓ-8859-1 என்றோ போட்டிருக்கும். இப்போது திறந்தால் மேலே புள்ளியும் கோடும் போட்ட லத்தீன் எழுத்துகள்தான். மட்டில் அந்த மெயில் மேல் நின்று கண்ட்ரோலும் இயும் (Ctrl-E) அழுத்துங்கள், கீழே கன்டென்ட்-டைப் வரி எடிட் செய்யக் கிடைக்கும், சார்செட் இருக்கும் இடத்தில் திஸ்கி என்று அதன் ஐந்து ஆங்கில எழுத்துகளைப் போட்டு என்டர் தட்டித் திறங்கள். தமிழ்! லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் உள்ள, குறியீடுகளை மாற்றும் ஐகான்வ் திஸ்கியை அறியும், கொம்பை மெய்க்கு முன்னால் வைக்கும் திஸ்கி வரிசையை யூனிகோடு வரிசைக்குத் திருப்புவதையும் அதுவே செய்துவிடுகிறது. ஃபெடோராவில் இதற்குக் கூடுதல் ஜிகான்வ் பேக்கேஜ் தனியாகப் போட வேண்டும். எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட் என்று வருவதை எல்லாம் திஸ்கி என்று எடுத்துக்கொள்ள மட் கான்ஃபிக்கில் சார்செட்-ஹுக் ஒரு வரி போதும். ஐஎஸ்ஓ-8859-1க்கு மட்டும் அப்படிப் பொதுவாகப் போடாதீர்கள், உண்மையான பிரெஞ்சு, ஜெர்மன் மெயில்கள் கெட்டுவிடும். பழைய மெயில் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து அதை அழித்துவிடாதீர்கள், இன்றும் படிக்க முடியும்.

அனுப்பும் பக்கம் தொந்தரவு குறைவு. எம்எஸ்எம்டிபிக்கு லாக் கோப்பு ஒன்று கொடுத்துவிடுங்கள், "அனுப்பினேன், வரவில்லை என்கிறார்கள்" என்ற பேச்சு வரும்போது சர்வர் ஏற்றுக்கொண்டதா, நேரம் என்ன என்று அதிலேயே இருக்கும். ஜிமெயில் தன் எஸ்எம்டிபி வழியாகப் போவதைத் தானே அனுப்பியவையில் சேமிக்கிறது, மட் தானும் சேமித்தால் இரண்டிரண்டாக விழும், அங்கே மட் கான்ஃபிக்கில் அனுப்பியதைச் சேமிக்கும் ரெக்கார்டை நிறுத்திவிடலாம். கடைசியாக, மெயில் எழுத ஜிவிம், ஜிஎடிட் போன்ற ஜன்னல் எடிட்டரை வைப்பவர்களுக்கு: எடிட்டர் திறந்த மறுகணமே மட் "மாற்றப்படாத மெயில் கைவிடப்பட்டது" என்றால், எடிட்டர் பின்னணிக்குப் போய்விட்டது, மட் அது மூடப்பட்டதாக நினைத்துக்கொண்டது. ஜிவிம்முக்கு எஃப் (-f), ஜிஎடிட்டுக்கு டபிள்யூ (-w) ஆப்ஷனைச் சேர்த்தால் நீங்கள் எழுதி முடிக்கும்வரை காத்திருக்கும்.