ஓடத் தெரிந்த எதிரி: நாலு வருட டஞ்சன் மாஸ்டர் அனுபவம்

நாகர்கோவில் வடசேரியில் எங்கள் வீட்டு மாடியில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைச் சாகச மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை ஆடத் தொடங்கி நாலு வருடம் ஆகிறது. நான்தான் டஞ்சன் மாஸ்டர், அதாவது கதையை நடத்தி எதிரிகளையும் இயக்குகிறவன். ஆடுகிறவர்கள் நாலு பேர். 2014 விதிநூலின் சேலஞ்ச் ரேட்டிங்கை (எதிரி எவ்வளவு கடினம் என்று சொல்லும் எண்) வைத்து இவ்வளவு நாள் எதிரிகளைத் தயார் செய்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ரேட்டிங் 2 என்றால், நன்றாக ஓய்வெடுத்த இரண்டாம் லெவல் ஆட்கள் நாலு பேர் யாரையும் பறிகொடுக்காமல் வெல்லலாம் என்று கணக்கு. ஆக்ர் என்ற முரட்டு ராட்சதன் அந்த ரகம், 59 ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு). முதல் மாதம் அதைத் தனியாக இறக்கினேன், மூணாவது ரவுண்டு தாண்டவில்லை. இவர்கள் நாலு முறை வெட்டுவதற்குள் அது ஒருமுறைதான் அடிக்க முடியும். ஹிட் பாயிண்ட்டை ஏற்றிப் பார்த்தேன். சண்டை நீண்டது, சூடு பிடிக்கவில்லை.

அப்புறம்தான் இடத்தைப் பற்றி யோசித்தேன். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடந்தவர்களுக்குத் தெரியும், கீழே பறளியாறு, 115 அடி உயரம், ஒடுக்கமான வழி. அதை அப்படியே வரைபடமாக்கி, தண்ணீர் ஓடும் தொட்டிக்குள் சண்டையை வைத்தேன். எதிரிகள் ஆறு கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்கள், ஒவ்வொன்றுக்கும் 7 ஹிட் பாயிண்ட்தான். ஆனால் அடித்துவிட்டு அதே டேர்னில் விலகவோ ஒளியவோ அவற்றால் முடியும். கூடவே, ஒவ்வொரு ரவுண்டும் இனிஷியேட்டிவ் (யார் எப்போது ஆடுவது என்ற வரிசை எண்) 20 வரும்போது ஒருவன் ஷட்டரைத் திறப்பான், தண்ணீர் அடித்துக்கொண்டு வரும். அன்றைக்கு மாடியில் டீ ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

பெரிய டிராகனின் லெஜண்டரி ரெசிஸ்டன்ஸை, அதாவது மந்திரத்திலிருந்து தப்பத் தவறினாலும் தப்பியதாக ஆக்கிக்கொள்ளும் சக்தியை மட்டும் அப்படியே பயன்படுத்தாதீர்கள். நல்ல மந்திரம் வீணாகும்போது ஆடுபவருக்கு மனசு விட்டுப்போகும். நான் அதன் கழுத்தில் மூணு கல் வைத்தேன், ஒவ்வொரு முறையும் ஒன்று உடையும். ஒரு கல்லையாவது உடைத்தோம் என்று அவர்களுக்கும் திருப்தி.

எனக்கு மிகவும் கைகொடுத்தது ஒரு பழைய கணக்கு நோட்டு. எதிரிக்கு என்ன வேண்டும், எப்போது ஓடுவான் என்று முன்கூட்டியே அதில் எழுதிவிடுவேன். சுங்கம் பிரிக்கும் கொள்ளைத் தலைவன் ஒருவனுக்கு, "பாதி ஹிட் பாயிண்ட் போனால் ஓடு" என்று எழுதியிருந்தேன். ஓடினான். "அண்ணே, அவன் ஓடுகான்லா, விடக்கூடாது!" என்று எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் பிடி கொடுக்கவில்லை. நாலு வாரம் கழித்துத் திரும்பி வந்தான். முதல் சண்டையில் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தில் பாதிப் பேரை இழந்தவன் அல்லவா, அதன் ஆரம் 20 அடி என்று அவனுக்குப் புரிந்திருந்தது. ஆட்களைத் தள்ளித் தள்ளி நிறுத்தியிருந்தான். மந்திரக்காரப் பையன் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நம்மளப் படிச்சிட்டு வந்திருக்கான்லா" என்றான்.

அவன் விதிநூலில் இருக்கும் சாதாரண பேண்டிட் கேப்டன்தான். 65 ஹிட் பாயிண்ட், ரேட்டிங் 2. ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லை.