96 சதவீத நலத்தோடு நின்றுபோன எஸ்எஸ்டி: கிளிநொச்சியிலிருந்து ஒரு பாவனை அனுபவம்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு மேசைக் கணினிக்கு 2021இல் 240 ஜிபி கொள்ளளவுள்ள, விலை குறைந்த சாட்டா வகை (மதர்போட்டுடன் கேபிளால் இணையும்) எஸ்எஸ்டி ஒன்றை, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் தரவைச் சேமிக்கும் இயக்ககத்தை, பொருத்தினோம். அதன் வேகத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. பழைய கணினி ஒன்றுக்கு அதைவிடப் பயனுள்ள செலவு கிடையாது. ஆனால் அது 2023 மாரியில் நின்றுபோனது. நிற்பதற்குச் சில நாள்களுக்கு முன்னர்கூட, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதன் நலத்தை 96 சதவீதம் என்றே காட்டியது.

அந்த எண் எதை அளக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எஸ்எஸ்டியின் நினைவகக் கலங்களில் குறிப்பிட்ட தடவைகள் மட்டுமே எழுத முடியும் என்பதால், தயாரிப்பாளர்கள் மொத்த எழுத்தளவுக்கு ஓர் எல்லை குறிப்பிடுகிறார்கள். இந்த மலிவு வகைக்கு அது 80 டெராபைட் அளவில் இருக்கும். ஒரு வீட்டில் நாளொன்றுக்கு 10 ஜிபி எழுதினாலும் ஆண்டுக்கு 4 டெராபைட்டை எட்டாது. அந்தக் கணக்கில் அது இருபது ஆண்டுகளைத் தாண்ட வேண்டும். ஆகவே நலச் சதவீதம் என்பது பெரும்பாலும் தேய்மானக் கணக்கே. எந்தத் தரவு எந்தக் கலத்தில் இருக்கிறது என்ற அட்டவணையைப் பேணும் கட்டுப்படுத்திச் சிப்பின் நிலைமையை அது சொல்லாது. எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் அறுந்தால் அந்த அட்டவணை அரைகுறையாக நிற்கக்கூடும்; அடுத்த தொடக்கத்தில் அதைச் சீர்செய்ய முடியாத சிப், தன்னைக் கணினிக்கு அடையாளம் காட்டாமலே இருந்துவிடும். சேவையகங்களுக்கான எஸ்எஸ்டிகளில் இதற்கென்றே, மின்சாரம் அறுந்ததும் சில கணங்கள் மின்னைத் தரும் சிறு மின்தேக்கிகள் வைக்கப்படுகின்றன; வீட்டுப் பாவனைக்கான மலிவு வகைகளில் அவை இருப்பதில்லை.

கிளிநொச்சி அடங்கும் வன்னியில் இது ஏட்டுக் கவலை அன்று. 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்டது என்றாலும், அந்த வெட்டுகளுக்குப் பெரும்பாலும் நேர அட்டவணை இருந்ததால் நேரத்துக்குக் கணினியை அணைத்துவிட முடிந்தது. அவற்றைவிட, மாரிக்காலத்தில் இடியுடனோ, கம்பியில் மரக்கிளை உரசியோ சில நிமிடங்களுக்குள் மூன்று நான்கு முறை போய் வரும் மின்சாரமே பெரிய கேடு. மின்சாரம் திரும்பியதும் கணினி தானாக எழும்பும்படி பயோஸில் (விண்டோஸுக்கு முன்னரே ஓடும், கணினியின் அடிப்படை மென்பொருள்) அமைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: பாதி எழும்பும்போதே அடுத்த வெட்டு விழும். இந்த அமைப்பை ‘அணைந்தபடியே இருக்கட்டும்’ என்று மாற்றுவதற்கு ஒரு சதமும் செலவில்லை. எங்கள் எஸ்எஸ்டி தன் நிலைமையைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் பதிவைப் பார்த்தபோது, தொடங்கிய தடவைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று முறையாக அணைக்கப்படாமல் முடிந்திருந்தது.

அறிகுறிகள் சில வாரங்களாகவே தெரிந்தன. எதையாவது திறந்தால் திரை அரை நிமிடம் உறையும், பிறகு ஒன்றும் நடவாததுபோல் ஓடும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் 129 என்ற எண்ணுடன், சேமிப்புச் சாதனம் பதில் தராததால் மீட்டமைக்கப்பட்டது என்ற எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தது. இந்த எச்சரிக்கை கேபிளாலும் வரலாம் என்பதால் சாட்டா கேபிளையும் மதர்போட்டில் செருகும் இடத்தையும் மாற்றிப் பார்த்தேன். ஸ்மார்ட் பதிவில் சி7 என்ற வரி, கேபிள் வழியில் தரவு பழுதடைந்த தடவைகளைக் காட்டும். அது ஏறிக்கொண்டே போனால் முதலில் கேபிளையே சந்தேகிக்கலாம். எங்களுடையதில் அது அசையவில்லை. பிறகு ஒரு மழை இரவின் மின்தடையோடு பயோஸ் பட்டியலிலிருந்தே எஸ்எஸ்டி மறைந்தது. யூஎஸ்பி இணைப்பி ஒன்றின் மூலம் மடிக்கணினியில் செருகியபோதும் தென்படாததால், பழுது மதர்போட்டிலோ மின்வழங்கியிலோ இல்லை என்பது உறுதியானது.

இவ்வேளையில் செய்யக்கூடாதவை இரண்டு. எஸ்எஸ்டி அரைகுறையாகத் தென்பட்டு, அதைப் புதிதாக ஆயத்தப்படுத்தவா என்று விண்டோஸ் கேட்டால் சம்மதிக்கக் கூடாது. கோப்பு அமைப்பின் பிழைகளைத் திருத்தும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கையும் ஓடவிடக் கூடாது. இரண்டும் பழுதான இயக்ககத்தில் மேலும் எழுதுபவை. நான் செய்தது, தரவுக் கேபிளைக் கழற்றிவிட்டு மின் கேபிளை மட்டும் கொடுத்து இருபது நிமிடம் வைத்து, அரை நிமிடம் துண்டித்து, அதையே மீண்டும் செய்தது. தயாரிப்பாளர் சிலரே பரிந்துரைக்கும் முறை இது. அந்த நேரத்தில் சிப் தன் அட்டவணையைச் சீர்செய்ய முயலும். எஸ்எஸ்டி ஒரு முறை உயிர்த்தது. உடனே உபுண்டு லினக்ஸை யூஎஸ்பியிலிருந்து ஏற்றி, பழுதான இயக்ககங்களிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்கியூ என்ற மென்பொருள் மூலம் வேறொரு வன்தட்டுக்குப் பிரதி எடுத்தேன். வாசிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, சண்டித்தனம் செய்யும் பகுதிகளைக் கடைசிக்கு ஒதுக்குவது அதன் சிறப்பு. பெரும்பகுதி வந்தது. அடுத்த தடவை இணைத்தபோது எஸ்எஸ்டி சில மெகாபைட் கொள்ளளவை மட்டுமே காட்டியது. அத்துடன் அதைக் கைவிட்டேன்.

காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், கமக்காரர் அமைப்பின் கணக்குகள் ஆகியவற்றின் பிரதிகள் வெளி வன்தட்டில் முன்பே இருந்தன. 2009இல் போரில் கடதாசிகளை இழந்து, பிறகு அவற்றுக்காகக் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்துக்கும் அலைந்த ஊரில் இதை ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை.

மூன்று ஆண்டு உத்தரவாதத்தில் கடை புதியதொன்றைத் தந்தது. தரவுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. செயலிழந்த இயக்ககத்தை அழிக்கவும் வழியில்லாததால், உள்ளே இருப்பவற்றோடுதான் அது கொழும்புக்குப் போனது. அதனால் புதியதில் கடவுச்சொல் இல்லாதவர் தரவை வாசிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் விண்டோஸின் குறியாக்கத்தை முதல் நாளே இயக்கிவிட்டேன்.

கையில் உள்ள பணம் அளவானதென்றால், 480 ஜிபிக்குப் பதிலாக 240 ஜிபி வாங்கி, மிச்சத்தை, மின்சாரம் போனதும் பற்றரியால் கணினியைச் சில நிமிடம் ஓடவைக்கும் 650 விஏ திறனுள்ள யூபிஎஸ் ஒன்றுக்குச் சேர்ப்பதே எங்கள் பக்கத்துக்குப் பொருந்தும் என்பது என் கணிப்பு. யூபிஎஸ் வந்த பிறகு, முறையற்ற நிறுத்தங்களைக் காட்டும் எண் அநேகமாக அசையவே இல்லை. 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோதும் கணினியை ஆறுதலாக அணைக்க முடிந்தது. அதன் 12 வோல்ட் பற்றரி எங்கள் வெக்கையில் இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். ஆகவே மாரி தொடங்குமுன் கணினியைக் கழற்றிவிட்டு, மேசை விளக்கு ஒன்றை யூபிஎஸ்ஸில் செருகி, சுவர் பிளக்கை இழுத்து எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.