கெர்னல் மாற்றியதும் "கார்டு ரோசாக்" (கெட்டுப்போச்சு) என்றால் காசு கொடுக்காதீர்கள்

சுங்கை சிப்புட்டில் லினக்ஸ் கணினி வழியாக இன்டர்நெட் ஓட்டும் கடைக்காரர்கள், டியூஷன் சென்டர்காரர்கள் கவனத்துக்கு.

எங்கள் சென்டரின் கேட்வே கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டு. போர்டோடு வந்தது மோடத்துக்கு, தனியாகச் செருகியது பிள்ளைகளின் கணினிகளுக்கு. சர்வீசுக்கு வந்தவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் புதுப்பித்து ரீஸ்டார்ட் செய்தார். நெட் போய்விட்டது. "அண்ணே, போர்டு கார்டு ரோசாக். இடி இறங்கியிருக்கும்" என்றார். இங்கே இடியில் மோடம் போவது புதிதல்ல, அதனால் நம்பும்படியாகத்தான் இருந்தது. பயோசில் (கணினி எழும்போதே திறக்கும் அமைப்புத் திரை) அதை அணைத்துவிட்டு, புதுக் கார்டு போட்டு, கூலியோடு 380 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு போனார்.

பினாங்கில் வேலை செய்யும் மச்சான் மகன் வந்தபோது பயோசில் பழைய கார்டை மறுபடி திறந்தான். வேலை செய்கிறது! அன்று கணினி எழுந்தபோதான பூட் பதிவை ஜர்னல்சிடிஎல் கட்டளையில் எடுத்துக் காட்டினான். இரண்டு கார்டுக்கும் 'லிங்க் இஸ் அப்' (இணைப்பு இருக்கிறது) என்றே இருந்தது. கருகிய கார்டு அப்படிச் சொல்லாது.

நடந்தது இதுதான். எந்தக் கார்டை இயக்கும் மென்பொருள் (டிரைவர்) முதலில் எழுகிறதோ அந்தக் கார்டுக்கு கெர்னல் ஈத்0 என்று பெயர் வைக்கிறது, அடுத்ததுக்கு ஈத்1. புதுக் கெர்னலில் அந்த வரிசை மாறிவிட்டது. அமைப்புகளோ பெயரைப் பார்த்தே எழுதப்பட்டவை. மோடத்துக்கானது பிள்ளைகள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது, ஃபயர்வாலும் தலைகீழ். இந்தத் தொல்லைக்காகவே 2013-இல் சிஸ்டம்டி (லினக்ஸ் எழும்போது மற்றவற்றைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்), செருகிய இடத்தை வைத்து என்பி3எஸ்0 போலப் பெயரிடும் முறையைக் கொண்டுவந்தது. எங்கள் கணினியில் அதை யாரோ நெட்.இஃப்நேம்ஸ்=0 என்ற பூட் அமைப்பைப் போட்டு நிறுத்தியிருந்தார்கள்.

காசு கொடுக்குமுன், கணினி எழும்போது வரும் குரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்து பூட் செய்யச் சொல்லுங்கள். நெட் வந்தால் கார்டில் கோளாறு இல்லை. 'ஈத்டூல் -பி ஈத்0' என்ற கட்டளையைக் கொடுத்தால், பெரும்பாலான கார்டுகளில் அந்தப் போர்ட்டின் விளக்கு மினுக்கும். எது எது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். பிறகு மேக் முகவரியை (ஒவ்வொரு கார்டுக்கும் உள்ள தனி எண்) வைத்து ஒவ்வொன்றுக்கும் சொந்தப் பெயர் கொடுத்துவிட வேண்டும். மறுபடியும் ஈத்0 என்றே வைக்காதீர்கள், கெர்னல் வைக்கும் பெயரோடு மோதும்.

சர்வீஸ்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "லேபர் செஞ்சாச்சு அண்ணே" என்று போனை வைத்துவிட்டார். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம்தான், ஆனால் அது வீட்டு உபயோகத்துக்கு வாங்கியவர்களுக்கு. தொழிலுக்கு வாங்கிய நமக்கு அந்தக் கதவு இல்லை. புதுக் கார்டு வேண்டுமென்றால், பழைய கார்டு பழைய கெர்னலிலும் ஓடவில்லை என்று உங்கள் கண்ணெதிரே காட்டிய பிறகு வாங்கித் தாருங்கள்.