காபிக்கொட்டையும் அரை ஆயுட்காலமும்: பண்ணைக்காடு பக்கம் ஒரு பிளஸ் டூ டியூஷன்

தாண்டிக்குடியிலிருந்து ஐந்து ஞாயிற்றுக்கிழமை என் மகளைப் பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு டியூஷனுக்குக் கூட்டிப் போய் வந்தேன். மொத்தம் 1,500 ரூபாய். பாடம் ஒன்றே ஒன்றுதான்: அணு மற்றும் அணுக்கரு இயற்பியல். திரும்பிப் போய் வர பஸ் நேரம் ஒத்துவரவில்லை. அதனால் கடைசி பெஞ்சில் நானும் உட்கார்ந்துவிட்டேன். ஆக, இது ஒரு அம்மாவின் விமர்சனம். ரிசல்ட் இன்னும் வரவில்லை, அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ரிட்டயர்டு ஆன வாத்தியார் ஒருவர் தன் வீட்டு மாடியில் நடத்துகிறார். தகரக் கூரை. ஜனவரிக் குளிரில் பிள்ளைகள் இடது கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வலது கையால் எழுதினார்கள். பெஞ்ச் குட்டை, என் முழங்கால் இன்னும் அதை மறக்கவில்லை.

முதல் இரண்டு வகுப்பு ஹைட்ரஜன் அணு. அது வெளியிடும் ஒளிக் கோடுகளின் வரிசைகளான லைமன், பாமர், பாஷன் இவற்றில் எது கண்ணுக்குத் தெரியும் என்று பிள்ளைகள் குழம்பினார்கள். சார், "பாமரனுக்கும் தெரிவது பாமர் வரிசை" என்றார். அவ்வளவுதான், எனக்கே மறக்காது. லைமன் புறஊதா, பாஷனிலிருந்து அகச்சிவப்பு. எலக்ட்ரான் 3ஆம் வட்டப்பாதையிலிருந்து 2க்கு இறங்கினால் எவ்வளவு ஆற்றல் என்று கணக்குக் கொடுத்தார். முதல் வட்டப்பாதையின் ஆற்றல் அளவான 13.6ஐ 2இன் வர்க்கமான 4ஆல் வகுத்தால் 3.4, 3இன் வர்க்கமான 9ஆல் வகுத்தால் 1.51, வித்தியாசம் 1.89 எலக்ட்ரான் வோல்ட். அதுதான் 656.3 நானோமீட்டர் சிவப்புக் கோடு. கொடைக்கானலில் 1899லிருந்து இருக்கிற சூரிய ஆய்வகத்தில் இந்தச் சிவப்பு வெளிச்சத்திலும் சூரியனைப் படம் எடுக்கிறார்கள் என்றார். நாங்கள் எத்தனையோ தரம் அந்த வழியாகப் போயிருக்கிறோம். போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பியதுதான் மிச்சம்.

இந்த டியூஷனுக்குக் காசு கொடுத்தது தகும் என்று தோன்றியது மூன்றாம் ஞாயிறு. வீட்டிலிருந்து அரைப்படி காபிக்கொட்டை கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஃபீஸுக்கு மேல் இது வேறயா என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப் போனேன். தொலி நீக்கிய கொட்டையை முறத்தில் கொட்டி 200 எண்ணச் சொன்னார். ஒவ்வொரு கொட்டையும் ஒரு கதிரியக்க அணுக்கரு என்று வைத்துக்கொள்ள வேண்டும். இடையில் வந்த பீபெர்ரியை மட்டும் பொறுக்கித் தள்ளினார். அது உருண்டை, தட்டைப் பக்கமே கிடையாது. "இது சிதையாத கரு, ஈயம் 206 மாதிரி" என்றார்.

மற்றதெல்லாம் டப்பாவில் போட்டுக் குலுக்கி முறத்தில் கவிழ்க்க வேண்டும். தட்டைப் பக்கத்துக் கோடு மேலே தெரிந்தால் அந்தக் கரு சிதைந்துவிட்டது, எடுத்துவிட வேண்டும். முதுகு தெரிந்தால் மறுபடி டப்பாவுக்கு. 200, 118, 71, 40 என்று இறங்கியது. "பாதி போச்சா?" "இல்ல சார், பாதிக்கும் கம்மி." காபிக்கொட்டை காசு மாதிரி சரிபாதியாக விழாது. ஒரு குலுக்கலில் பத்துக்கு நாலுதான் போகிறது. அப்படியானால் பாதி சிதைய ஆகும் நேரமான அரை ஆயுட்காலம் ஒரு குலுக்கலுக்கு மேல், இரண்டுக்குக் கீழ். எவ்வளவு வேகமாகச் சிதைகிறது என்று சொல்லும் சிதைவு மாறிலி வேறு, அரை ஆயுட்காலம் வேறு, முதலாவது தெரிந்தால் இரண்டாவது தானாக வரும் என்று அங்கேதான் புரிந்தது. நான் படித்த காலத்தில் இரண்டையும் மனப்பாடம் செய்து பரீட்சை முடிந்ததும் தொலைத்தேன்.

"நீங்களும் ஒரு தரம் குலுக்குங்கம்மா" என்று டப்பாவை என்னிடம் நீட்டினார். கடைசியில் ஒரே ஒரு கொட்டை மிஞ்சி, நாலு குலுக்கலுக்கும் முதுகையே காட்டிக்கொண்டு கிடந்தது. எது எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, கூட்டமாக இருந்தால்தான் கணக்கு என்றார். அதே சூட்டில் கீழடி உதாரணத்துக்குப் போனார். கார்பன் 14இன் அரை ஆயுட்காலம் 5,730 வருடம். 2,600 வருடத்துக் கரித்துண்டில் எவ்வளவு மிச்சம் இருக்கும்? மகள் போட்ட விடை 73 சதவீதம்.

சரி, குறைக்கு வருகிறேன். காபிக்கொட்டையில் கரைந்த நேரத்துக்குப் அணுக்கருவைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஆற்றலைக் காட்டும் பிணைப்பாற்றல் வளைகோடு பலியானது. இரும்பு 56 பக்கம் நியூக்ளியானுக்கு (கருவில் உள்ள புரோட்டான் அல்லது நியூட்ரான் ஒன்றுக்கு) 8.8 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்று உச்சி, யுரேனியம் பக்கம் 7.6க்குச் சரிவு. யுரேனியம் கருவின் பிளவில் 200 மெகா எலக்ட்ரான் வோல்ட் எங்கிருந்து வருகிறது என்பது அந்தச் சரிவில்தான் இருக்கிறது. அதை இருபது நிமிடத்தில் ஓட்டிவிட்டார். சிறு கருக்கள் ஒன்றுசேரும் இணைவுக்கு இன்னும் குறைவு. 70 மதிப்பெண்ணில் 15 ஒரு மார்க் கேள்வி, அதற்கென்று ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை.

இன்னொன்று, நோட்ஸ். ஜெராக்ஸுக்குத் தனியாக 120 ரூபாய் வாங்கினார்கள். அதில் சராசரி ஆயுட்காலத்துக்கு அரை ஆயுட்காலத்தின் சூத்திரம் அச்சாகியிருந்தது. மகள் அதையே ரிவிஷன் டெஸ்டில் எழுதி மார்க் போனது. சொன்னதும் சார் எங்கள் பிரதியில் பேனாவால் திருத்தினார். அடுத்த பேட்சுக்கும் அதே ஜெராக்ஸ்தான் போனது, என் அண்ணன் மகன் பிரதியைப் பார்த்தேன்.

அடிப்படை புரியாமல் தவிக்கிற பிள்ளைக்குத் தாராளமாகச் சேர்க்கலாம். கடைசி நேரத்தில் மார்க் கூட்டப் பார்ப்பவர்களுக்கு இது சரிவராது. சேர்த்தால் ஸ்வெட்டர் கொடுத்து அனுப்புங்கள். நோட்ஸ் 14ஆம் பக்கத்தில் சராசரி ஆயுட்காலம் 1இன் கீழ் லாம்டா (சிதைவு மாறிலி) என்று திருத்திக்கொள்ளுங்கள். அரை ஆயுட்காலச் சூத்திரத்தில் மேலே வரும் 0.6931 அங்கே வராது.