டர்பனில் வாடகைப் பந்தல் தொழில்: இறக்குமதியா, உள்ளூர்க் கொள்முதலா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பகுதிகளில் கல்யாணத்துக்கும் காவடித் திருவிழாவுக்கும் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுவோர், சரக்கை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதா, உள்ளூர்த் தயாரிப்பாளரிடம் வாங்குவதா என்பதை விலைப்பட்டியலை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

இறக்குமதியில் சுங்க வரி முதலில் சேர்கிறது. பிறகு, சரக்கின் சுங்க மதிப்பு, அதில் 10 சதவீதம், செலுத்திய சுங்க வரி ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை மீது 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி கணக்கிடப்படுகிறது. 1,00,000 ராண்ட் மதிப்புள்ள நாற்காலிகளுக்குச் சுங்க வரி 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அதுவே 20,000 ராண்ட். மதிப்புக் கூட்டு வரி 19,500 ராண்ட். மதிப்புக் கூட்டு வரிக்குப் பதிவு பெற்ற வணிகர் அந்த வரியைத் திரும்பக் கோரலாம், ஆனால் சுங்க வரி திரும்பாது. திரும்பக் கிடைக்கும் தொகையும் சில வாரங்கள் முடங்கிக் கிடக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விற்பனையாளர் இச்சுமையை உடனே விலையில் ஏற்றிவிடலாம். வாடகைக்கு விடுபவரோ பல ஆண்டுகள், பல விழாக்களில் சிறுகச் சிறுகத்தான் மீட்க முடியும்.

உள்ளூர்ச் சரக்கும் வரியின் பாதிப்புக்கு முற்றிலும் அப்பாற்பட்டதன்று. தயாரிப்பாளர் துணியையோ குழாயையோ இறக்குமதி செய்தால், அந்த வரி அவர் விலையில் ஒளிந்திருக்கும். ஆயினும் பத்து நாற்காலிகள் உடைந்தால் அதே வார்ப்பில் பத்தை மட்டும் வாங்க முடிகிறது. சிறு நிறுவனத்துக்கு நான் உள்ளூரையே பரிந்துரைப்பேன். ஒரு கொள்கலனை முழுமையாக நிரப்பும் அளவுக்குத் தேவையும், ராண்டின் சரிவைத் தாங்கும் கையிருப்பும் உள்ளவருக்கே இறக்குமதி பொருந்தும்.