விபூதி போட்டுத் தேய்த்த ரூபாயைக் காட்டிக்கொடுத்த லென்ஸ்

பழைய காசுகளைப் பார்க்க முதலில் வாங்கிய லென்ஸ் ஆன்லைனில், 180 ரூபாய்க்கு. அதன் சட்டத்திலேயே '40 மடங்கு' என்று பொறித்திருந்தது. நாற்பதும் இல்லை, இருபதும் இல்லை. நடுவில் மட்டும் கொஞ்சம் தெளிவு. ஓரத்துக்குப் போனால் எழுத்தெல்லாம் வளைந்து, ஊதாவும் மஞ்சளுமாக விளிம்பு கட்டும். அதை எறும்பு பார்க்கச் சொல்லிப் பேரனிடம் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது லென்ஸ் தருமபுரியில், நகைத் தொழில் சாமான் விற்கிற ஒரு சின்னக் கடையில் வாங்கியது. 10 மடங்கு, 18 மில்லிமீட்டர் அகலம், மூன்று வில்லைகளை ஒட்டிச் செய்த ட்ரிப்லெட். 850 ரூபாய். "இன்னும் பெருசா காட்டுறது இல்லையா?" என்று கேட்டதற்குக் கடைக்காரர், "அதுக்கு மேல போனா காசு தெரியாதுங்க சார், இருட்டுதான் தெரியும்" என்றார். ஆறு மாதம் கழித்துச் சொல்கிறேன், அவர் சொன்னது சரி.

நான் 31 வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று போய்வந்த தோல் பையில் கண்ணில் பட்ட காசுகளை எடுத்து வைத்த பழக்கம்தான் இந்தப் பைத்தியத்துக்கு மூலம். ரிட்டையர் ஆன பிறகு விலை கொடுத்தும் வாங்க ஆரம்பித்தேன். அங்கேதான் அடி விழுந்தது. கிருஷ்ணகிரியில் பழைய காசு விற்கிற ஒருவரிடம் 1862 விக்டோரியா ராணி ரூபாய் ஒன்று, வெள்ளி விலையைப் போல இரண்டு மடங்கு கொடுத்து வாங்கினேன். "பாருங்கண்ணா, நேத்து மின்ட்ல அடிச்ச மாதிரி இருக்கு" என்றார். பளபளவென்றுதான் இருந்தது. அந்தப் பளபளப்புதான் பிரச்சினை, தேய்த்துப் பளபளப்பாக்கிய காசுக்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்பு குறையும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

லென்ஸைப் பிடிக்கிற விதம் முக்கியம். கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, காசை ஒரு இஞ்ச் தூரத்துக்குக் கொண்டுவர வேண்டும். கண்ணாடி போடுகிறவர்கள் கழற்றிவிடுவது நல்லது. டியூப்லைட் உதவாது, அது எல்லாப் பக்கமும் ஒளியைப் பூசி மறைத்துவிடும். ஒற்றை பல்பு போட்ட மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, காசின் விளிம்பை மட்டும் பிடித்து மெதுவாகச் சாய்த்துச் சுழற்ற வேண்டும். மின்ட்டில் காசு அச்சு ஓங்கி அடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து வெளியே ஓடும். அந்த ஓட்டத்தின் நுண்ணிய வரிகள்மேல் ஒளி பட்டால், சைக்கிள் சக்கரத்து ஆரம் சுற்றுவதுபோலச் சுற்றி வரும். கை படாத காசில் அந்த ஆட்டம் இருக்கும்.

என் 1862இல் ஆட்டமே இல்லை. பதிலாக, நார் போட்டுத் தேய்த்த எவர்சில்வர் தட்டில் தெரியுமே, அந்த மாதிரி மயிரிழைக் கீறல்கள். ராணியின் முகத்துக்கு முன்னால் ஒரு திசையில், கொண்டைக்குப் பின்னால் வேறு திசையில். எழுத்துகளின் இடுக்கில் மட்டும் பழைய கறுப்பு அப்படியே இருந்தது, துணி அங்கே போகவில்லை. கன்னம் தேய்ந்து வழவழவென்று இருக்க, சுற்றியுள்ள வெறும் தளம் மட்டும் புதுசுபோல மின்னினால் சந்தேகப்படுங்கள். அத்தனை வருடப் புழக்கம் முகத்தை மட்டும் தேய்த்துவிட்டுத் தளத்தை விட்டுவைக்குமா?

இதில் நானும் ஒரு முறை ஏமாந்தேன், தலைகீழாக. 1919 ஜார்ஜ் ரூபாய் ஒன்றில் கோடுகளைப் பார்த்ததும் "தேய்த்த காசு" என்று வேண்டாமென்றுவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது, அச்சைத் தீட்டும்போது அச்சில் விழுகிற கீறல், காசில் பள்ளமாக வராது, மேடாக வரும். அது தளத்தில்தான் ஓடும். ராஜாவின் தலைமேல் ஏறாது. பிறகு தேய்த்த கீறலோ பள்ளமாக இருக்கும், தலை, எழுத்து எல்லாவற்றையும் தாண்டிப் போகும். மேடா பள்ளமா என்று இந்த லென்ஸில் தெரிகிறது. 180 ரூபாய் லென்ஸில் தெரியவே தெரியாது.

கம்பி பிரஷ் வைத்த மெஷினில் சுற்றியவை இன்னும் மோசம். தூரத்தில் மின்ட் பளபளப்புபோலவே இருக்கும். லென்ஸில் பார்த்தால், பரம்பு ஓட்டிய வயலில் சேறு வரப்போரம் ஒதுங்குவதுபோல எழுத்துகளின் ஒரு பக்கத்தில் வெள்ளி ஒதுங்கி நிற்கும்.

விளிம்பையும் விடாமல் சுற்றிப் பாருங்கள். நம் பக்கத்து பழைய ரூபாய்களில் பல காசு மாலையில் தொங்கி வந்தவை. தலைக்கு நேர் மேலே விளிம்பின் கோடுகள் இரண்டு மூன்று மழுங்கி, ஒட்டுப் பொடியின் நிறம் வேறாகத் தெரிந்தால் அங்கே வளையம் இருந்தது, அரம் போட்டு எடுத்திருக்கிறார்கள்.

செம்பு தனிக் கதை. கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைக் காட்டி, "அடிவாரத்து நிலத்துல உழும்போது கிடைச்சுது" என்று திப்பு சுல்தானின் யானைக் காசைக் கொடுப்பார்கள். ஹைதர், திப்பு கையில் இருந்த பாராமகால், அதாவது நம் பகுதி, 1792 உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது என்பதால் கதை பொருந்தும், காசுதான் பொருந்தாது. புளி போட்டுக் கழுவிய செம்பு, தோல் உரிந்த சதை மாதிரி இளஞ்சிவப்பாக இருக்கும். அதைப் பழையதாக்க மறுபடி நிறம் ஏற்றுவார்கள். மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே அளவு பழுப்பு என்றால் அது காலம் கொடுத்த நிறம் இல்லை. ஒன்றை மூக்கருகே கொண்டுபோனேன், ஷூ பாலிஷ் வாசனை.

எடைக்குத் தனியாக ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வைத்திருக்கிறேன். விக்டோரியா, எட்வர்ட் ரூபாயின் முறையான எடை 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம். அம்மாவின் முடிச்சில் இருந்த 1907 எட்வர்ட் ரூபாய் 11.41 காட்டியது. லென்ஸில் பார்த்தேன். வட்ட வட்டமாகக் கீறல், கட்டைவிரல் சுழன்ற தடம். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை விபூதி போட்டுத் தேய்த்தது நான்தான். எட்டு வயதிலிருந்து. கிருஷ்ணகிரிக்காரரை மட்டும் திட்டுவது நியாயமில்லை. ஆனால் அம்மாவின் காசை நான் விற்கப் போவதில்லை, அவர் விற்றார்.

குறைகள்: கூடவே வந்த ரெக்சின் உறை இரண்டு மாதத்தில் உரிந்துவிட்டது. விளக்கு கிடையாது, அது நல்லதுதான். லென்ஸைச் சுற்றி எல்.இ.டி. வளையம் பொருத்தியவற்றில் ஒளி நேராக விழுவதால் மயிரிழைக் கீறல் மறைந்துவிடுகிறது. மூடியைத் திருப்புகிற திருகு அடிக்கடி லூசாகி, ஒரு முறை லென்ஸ் தானாகத் திறந்து சட்டைப் பையிலிருந்த சில்லறையோடு உரசியது. நல்லவேளை, ஓரத்தில்தான் கீறல். மருமகளின் நெயில் பாலிஷ் ஒரு சொட்டுத் திருகில் விட்டேன். சிவப்பாக அசிங்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்புறம் அசையவில்லை.