சக்கிமுக்கியா, கேப்பா: பழைய லாங் ரைஃபிள் வாங்கப் போன கதை

போன வசந்தத்தில் பென்சில்வேனியாவில் ஒரு பழந்துப்பாக்கிக் கண்காட்சி. அடுத்தடுத்த மேசைகளில் இரண்டு லாங் ரைஃபிள்கள், அதாவது நீண்ட குழல் கொண்ட பழைய அமெரிக்கத் துப்பாக்கிகள், கிடந்தன. ஒன்று, சக்கிமுக்கிக் கல் உரசிப் பொறி பறக்கும் ஃபிளின்ட்லாக். மற்றது, குதிரை எனப்படும் சுத்தி விழுந்து செப்புக் கேப்பை அடிக்கும் பெர்கஷன் வகை, 1840களின் வேலை. முதலாவதன் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் இரண்டாவது. நான் அதைத்தான் வாங்கினேன். காசு மட்டும் காரணம் இல்லை.

தீபாவளிக்குத் தகரத் துப்பாக்கியில் கேப் சுட்டவர்களுக்கு பெர்கஷன் எப்படி வேலை செய்கிறது என்று விளக்க வேண்டாம். அடித்தால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித். 1807இல் காப்புரிமை வாங்கினார். செப்புக் கேப் 1820களில் பரவியது. மழை, காற்று, ஈரம் எதிலும் சக்கிமுக்கியைவிட நம்பகமானது. சுடுவதில் எது மேல் என்ற கேள்வி அன்றைக்கே முடிந்துவிட்டது.

அழகில் எது மேல் என்பதிலும் பெரிய சண்டை இல்லை. பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் வட்டாரத்து ஜெர்மன் கொல்லர்கள் தங்கள் தாய்நாட்டு வேட்டைத் துப்பாக்கியை நீட்டி, மெலித்து உருவாக்கிய வகைதான் லாங் ரைஃபிள். அமெரிக்கச் சுதந்திரப் போருக்குப் பிறகான 30, 40 ஆண்டுகள்தான் இந்தக் கலையின் உச்சம். ஜேக்கப் டிக்கர்ட் போன்ற கொல்லர்கள் இருந்த காலம். கட்டையில் புடைப்புச் செதுக்கல், கட்டையில் பதித்த சிறு பெட்டியின் பித்தளை மூடியில் நகாசு என்று இழைத்திருப்பார்கள். கேப் வருவதற்குள் செதுக்கல் பெரும்பாலும் நின்றுவிட்டது. நல்ல ஃபிளின்ட்லாக் ஒன்றை என் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தால் என்னுடையது கொஞ்சம் ஏழை வீட்டுப் பிள்ளை மாதிரிதான் தெரியும்.

அப்புறம் ஏன் இதை வாங்கினேன்? அந்த ஏழ்மைக்காகத்தான்.

கேப் வந்ததும் ஊர் ஊராக மக்கள் தங்கள் ஃபிளின்ட்லாக்குகளைக் கொல்லரிடம் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள். பொறி விழும் மருந்துக் கிண்ணத்தைக் கழற்றி எறிவார்கள். நெருப்பு உள்ளே போகக் குழலின் பக்கவாட்டில் இருந்த பற்றுத்துளையைப் பெரிதாக்கி, ஒரு சின்ன இரும்பு உருளையைத் திருகி, அதன் மேல் கேப் மாட்ட ஒரு முளை வைப்பார்கள். குதிரையையும் மாற்றிவிடுவார்கள். சேகரிப்பவர்கள் வந்த பிறகு கதை தலைகீழானது. ஃபிளின்ட்லாக்குக்குத்தான் விலை என்றானதும், மாற்றியவற்றை மறுபடி மாற்றினார்கள். புதுக் கிண்ணம், புதுக் குதிரை, பழசாகத் தெரிய அமிலம். இதில் குற்றம் ஒன்றும் இல்லை, விற்கும்போது சொல்லிவிட்டால். சொல்லாமல் விற்பதும் நடக்கிறது.

அதனால் ஃபிளின்ட்லாக் வாங்குபவர் ஒரு துப்பறிவாளராகவும் இருக்க வேண்டும். லாக்கை, அதாவது குதிரை பொருத்திய சுடும் பொறியை, கழற்றி உட்புறம் பார்க்க வேண்டும்: அடைத்த திருகுத் துளைகள் இருக்கின்றனவா, கிண்ணத்தின் இரும்பும் தகட்டின் இரும்பும் ஒரே வயதாகத் தெரிகிறதா? பற்றுத்துளையைச் சுற்றி ஒரு வட்டக் கோடு தெரிந்தால், அங்கே முன்பு உருளை திருகியிருந்தது என்று அர்த்தம். சிலர் அந்தத் துளையே இல்லாமல் செய்ய, குழலின் பின்முனையைக் கொஞ்சம் வெட்டிவிட்டு முழுக் குழலையும் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். அப்போது குழலையும் கட்டையையும் பிணைக்கும் ஊசிகளின் இடம் மாறும். கட்டையில் பழைய துளைகளை அடைத்த தடம் இருக்கும். அன்று மேசையில் இருந்த ஃபிளின்ட்லாக்கில் அப்படி இரண்டு அடைப்புகளைப் பார்த்தேன். விற்பவரிடம் கேட்டேன். "பழைய ரிப்பேர்" என்றார். லாக்கைக் கழற்றிக் காட்டச் சொன்னதற்கு, திருகு இறுகிவிட்டது என்றார்.

பிறக்கும்போதே கேப் துப்பாக்கியாகப் பிறந்ததற்கு இந்தத் தொல்லை குறைவு. மலிவான பொருளை மெனக்கெட்டுப் போலி செய்து யாருக்கு என்ன லாபம்? என்னுடையதில் லாக், குழல், கட்டை மூன்றும் ஒன்றாகவே கிழடு தட்டியவை. லாக் தகட்டில் கோல்ச்சர் என்ற பெயர் இருக்கிறது. அது செய்தவர் பெயர் என்று முதலில் ஏமாந்தேன். கோல்ச்சர் லாக்குகளைக் கடையில் வாங்கிப் பொருத்திய கொல்லர்கள் ஏராளம். துப்பாக்கி செய்தவரின் பெயரைக் குழலின் மேல் பட்டையில்தான் தேட வேண்டும். என்னுடையதில் தேய்ந்த இரண்டு எழுத்துகள் மட்டும். லாக்கையும் ஊரிலேயே செய்த கேப் துப்பாக்கி வேண்டுமென்றால் பென்சில்வேனியாவின் பெட்ஃபோர்ட் கவுண்டிப் பக்கம் போக வேண்டும். ஒல்லியான தகடு, கொக்குக் கழுத்துபோல வளைந்த குதிரை. அவற்றின் விலை மட்டும் ஒல்லி இல்லை.

ஏழை வீட்டுப் பிள்ளை என்றேனே, கைவேலை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 38 அங்குல எண்கோணக் குழல். கட்டை புலிவரி மேப்பிள்: இரும்பு கரைத்த நைட்ரிக் அமிலம் பூசிச் சூடு காட்டினால் வரிகள் கருத்து எழும்பும். மரத்தில் வரி போதாவிட்டால் சாயத்தால் வரைந்தவர்களும் உண்டு. லான்காஸ்டரின் ஹென்றி லேமன் அதற்குப் பேர் போனவர். என்னுடையதில் வரி இயற்கையானது: விளக்கின் கீழே திருப்பினால் ஒளி வரிக்கு வரி நகர்கிறது, வரைந்த வரி அப்படி நகராது.

கேப்பின் குறை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் காலக் கேப் மருந்தின் எச்சம் உப்பு. ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். முளையைச் சுற்றி அரிப்பு இருக்கும், பக்கத்து மரமும் கருகியிருக்கும். என்னுடையதிலும் இருக்கிறது. பராமரிப்பு என்று நான் செய்வது மெல்லிய மெழுகுப் பூச்சு மட்டும். பித்தளையைப் பளபளவென்று தேய்ப்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சுட விரும்புகிறவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிட்டுப் புதிதாகச் செய்ததை வாங்குங்கள். இதில் என் அனுபவம் நண்பர் ஒருவரின் புதுத் துப்பாக்கியில் ஒரு சனிக்கிழமை சுட்ட பத்துப் பன்னிரண்டு குண்டுதான். பழையதை வாங்கினால் முதல் வேலை, குழலுக்குள் கோலை விட்டு ஆழத்தை வெளியே வைத்து அளப்பது. நூறு வருடத்துக்கு முந்திய மருந்தும் குண்டும் உள்ளேயே கிடப்பது அபூர்வம் இல்லை. 1898 வரை செய்தவை அமெரிக்க மத்தியச் சட்டப்படி பழம்பொருள். மாநிலச் சட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுவிற்பனையில் நான் இன்னும் ஒன்றையும் விற்றுப் பார்த்தவன் இல்லை. நல்ல ஃபிளின்ட்லாக்குக்கு ஆள் சீக்கிரம் கிடைப்பார்கள் என்பது உண்மைதான். அன்று சாயங்காலம் நான் கிளம்பும்போது பக்கத்து மேசை காலியாக இருந்தது. வாங்கியவர் வாசலில் நின்று அதைப் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தார். திருகு இளகியதா என்ற கேள்வி வாய் வரை வந்தது. கேட்கவில்லை.